கத்தரித்த விளம்பரம்

ஜெனோவா அப்பாவுக்கு,

தங்கச்சிக்குப் பிரசவ வலி கண்டிருச்சாம், மணப்பாட்டுக்குப் போறேன். திங்கக்கிழமை வருவேன். சீலா மீன் குழம்பு அடுப்படியில இருக்கு.

நேத்து பத்திரிகையில இருந்த நாப்கின் விளம்பரத்தை, பிள்ளை ஜெனோவா பார்த்திரக் கூடாதுன்னு கத்தரிச்சு எறிஞ்சீங்க. அவ பெரியவளானப்போ பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, உங்ககூட ஹார்பர்ல வேலை பாக்குற ஆளுக அம்புட்டுப் பேருக்கும் பிரியாணி போட்டது யாரு? ஊருக்கே சொன்ன சேதியை அவகிட்ட மறைக்கீங்களாக்கும்!

நாளைக்கு அவளுக்குத் தேவைப்படும். மருந்துக்கடை அண்ணாச்சிகிட்ட ஒரு பாக்கெட் வாங்குங்க. அவரும் உங்களைப் போலத்தான். பேப்பர்ல சுத்தி, சணல் போட்டுக் கட்டி, கள்ளக்கடத்தல் சரக்கு மாதிரி நீட்டுவாரு. தைரியமா வாங்கிட்டு வாங்க.

எமரன்சியா

பி.கு.: "அப்பா கடைக்குப் போவாங்களாம்மா?"ன்னு பிள்ளை கேட்டா. போவாங்கன்னு சொல்லிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிராதீங்க.