கேட் இல்லாத கம்பெனி

செவ்வாய், இரவு.

மகள் பவித்ராவுக்கு வேலை போய்விட்டது. கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் பிரிவில் இருந்தாள். பிரிவையே கலைத்துவிட்டார்களாம். வீட்டிலிருந்து பார்க்கும் வேலை என்பதால் வீடியோவிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள்.

"ஏட்டி, நீ ஒரு வார்த்தை கேக்கலயா?" என்று கத்தினேன்.

"எங்க மைக்கையெல்லாம் அவங்களே அடைச்சுட்டாங்கப்பா."

ராஜபாளையத்து மில்லில் வேலை பார்த்த எனக்குத் தெரிந்தது மில் நியாயம்தான். "எல்லாரும் சேந்து கேட்ல போயி உக்காருங்க. கோஷம் போட நானும் வாரேன்."

"எந்த கேட்லப்பா? ஒருத்தி புனேயில, ஒருத்தன் கொச்சியில, நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

பத்தாவதைத் தாண்டாத மண்டைக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள் உட்கார்ந்து வேலை பார்த்த நாற்காலியை எட்டி உதைத்தேன்.

"மெதுவாப்பா! அது கம்பெனி சேர். திருப்பி அனுப்பணும்."

கால் விரல் வீங்கிவிட்டது. கம்பெனி சேர் என்று முன்பே தெரிந்திருந்தால் இன்னும் ஓங்கி உதைத்திருப்பேன்.