சுனைத் தண்ணீரில் ஷாம்பு வாசனை

அன்பு மகன் இளவழகனுக்கு,

அம்மா பாஞ்சாலி எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் முழுசும் படி.

பொங்கலுக்கு வந்தபோது நம் நிலத்துக்கு மேலே இருக்கிற சுனையை வீடியோ எடுத்து, யாருக்கும் தெரியாத அருவி என்று பெயர் வைத்து நெட்டில் போட்டு, போன் மேப்பில் இடத்தையும் குறித்துவிட்டுப் போனாயே, அது அருவியாடா? இருபத்தாறு வீட்டுக்குக் குடிதண்ணீர். செருப்பைப் புங்கமரத்தடியில் விட்டுவிட்டு, கால் படாமல் குனிந்து மொண்டு வருகிற இடம். பைப் போட்டு ஊர்த் தொட்டிக்குக் கொண்டுவந்த பிறகும் அந்த வழக்கத்தை யாரும் விடவில்லை. இப்போது சனி ஞாயிறானால் வேலூர், பெங்களூர் என்று எங்கிருந்தோ காரில் வந்து இறங்கி அதற்குள்ளேயே குதிக்கிறார்கள். சோப்புக் காகிதம், பீர் பாட்டில், டயபர், ஒன்று பாக்கியில்லை. ஜமுனாமரத்தூர் ஏரியில் படகு விடுகிறார்களே, அங்கே போனால் ஆகாதா என்று கேட்டால், ஆன்ட்டி, இதுதான் நேச்சுரல் என்கிறார்கள்.

உன் அப்பாவின் சாமர்த்தியத்தையும் கேள். கூட்டத்தைத் தடுக்கிறேன் என்று டவுனுக்குப் போய், இது குடிநீர்ச் சுனை, குளிக்காதீர் என்று பெரிய போர்டு எழுதிக்கொண்டு வந்தார். எந்தச் சுனை என்று தெரிய வேண்டாமா என்று அதில் அம்புக்குறி வேறு போடச் சொல்லியிருக்கிறார். ரோட்டோரம் நட்டார். அதுவரை சுனை இருப்பதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தவர்களும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

என்னையும் சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பார்த்துக் கொட்டகை போட்டு, டீயும் சாமைச் சோறும் விற்க ஆரம்பித்தவள் நான்தான். போன மாசம் ஒருத்தன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து டீ வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னாக்கா, டீயில ஷாம்பு நாத்தம் அடிக்குது என்றான். நீ குளிச்ச தண்ணிதான்டா அது என்று வாய் வரைக்கும் வந்தது. வேறு டீ போட்டுக் கொடுத்தேன். அதுவும் அதே தண்ணீரில்தான். அந்த வாரமே நம் பக்கத்து வீட்டுச் சின்னராஜின் மகள் கவியாவின் கைக்குழந்தைக்கு வாந்தி பேதி. மழையில் மலை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டது. யாரும் உன் பெயரைச் சொல்லித் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், கவியாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். வெளியாட்களே வேண்டாம் என்று நாலு பேர் குதித்தார்கள். சின்னராஜ்தான் எழுந்து, வர்றவங்க வரட்டுங்க, மலையப் பாக்கட்டும், தேனு வாங்கட்டும், நம்ம வூட்டுல துட்டு குடுத்துச் சாப்புடட்டும், சுனையில மட்டும் எறங்க வேணாம் என்றான். பேத்தியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவன் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறான், நீ போனில் ஒரு பொத்தானை அழுத்த இத்தனை நாளா? போர்டைப் பிடுங்கியாயிற்று. சுனைக்கு யாரும் வழி சொல்லக்கூடாது என்று முடிவு.

நேற்று காலை ஒரு பொம்பளை சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து, உன் வீடியோவைக் காட்டி, இது எங்கம்மா என்று கேட்டாள். எனக்குத் தெரியாதும்மா, நான் இந்த ஊரு இல்ல என்று சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷமாக அந்தத் தண்ணீரைக் குடிக்கிற வாயால் சொன்னேன். அவள் போன பிறகு எனக்கு அடுப்பு வேலையே ஓடவில்லை.

தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், ராத்திரி தயிர் வேண்டாம். ஆயுசோடும் கொஞ்சம் புத்தியோடும் நன்றாக இரு கண்ணு. அந்த வீடியோவையும் மேப்பில் வைத்த குறியையும் இன்றைக்கே எடுத்துவிடு. நீ எடுக்கிறவரை நான் இந்த ஊர்க்காரி இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. பாஞ்சாலி