சக்களத்திக்கு வந்த கடிதம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று வேன் கதவு மூன்று தடவை திறந்துகொண்டது. வேலைக்குப் போகும்போது ஒன்று. வரும்போது ஒன்று. வீட்டு வாசலில் நிறுத்தி எல்லோரும் இறங்கிய பிறகு, என்னை மறந்துவிட்டீர்களே என்பது போல இன்னொன்று.

மேடு ஏறினால் பக்கத்துக் கதவு பின்னால் சரிந்து திறந்துவிடும். இறக்கத்தில் தானே ஓடிவந்து சாத்திக்கொள்ளும். அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தது.

இந்த வேனை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். வேறொரு குடும்பம் ஆண்டு அனுபவித்து விற்றதை நாலு வருடத்துக்கு முன்னால் இவர் வாங்கி வந்தார். ஏழு பேர் உட்காரலாம். இவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். மேலே ஏணி, பின்னால் டின்கள், நடுவில் நான். தினமும் காலையில் எழுந்ததும் அவள் முகத்தைத்தான் துடைப்பார். என் முகத்தை இருபத்தெட்டு வருடத்தில் ஒரே ஒரு நாள் துடைத்தார். அதுவும் கன்னத்தில் பெயிண்ட் ஒட்டியிருந்ததால், டர்பென்டைன் போட்டு.

மார்ச் 5, வியாழன்

என் கொழுந்தனுக்குப் புதுப் பதவி கொடுத்திருக்கிறேன். கதவு மந்திரி. அண்ணனோடு சேர்ந்து பெயிண்ட் அடிக்கிறவன், நாற்பத்திரண்டு வயது, ஆள் பீரோ மாதிரி இருப்பான். கதவோரம் உட்கார்ந்து ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்வான், மறு கையால் பிஸ்கட் தின்பான்.

“அண்ணி, கை மரத்துப்போச்சு. கொஞ்சம் மாத்திப் பிடிக்கிறீங்களா?”

“எதை மாத்திப் பிடிக்கணும், கதவையா பிஸ்கட்டையா?”

நான் திரைச்சீலைக் கடையில் தைக்கிறேன். அங்கே மீந்துபோன திரைக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கதவை இருக்கைக் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். நுனியில் தங்க நிறக் குஞ்சம். இப்போது வேன் பார்க்க நாடக மேடை மாதிரி இருக்கிறது. எந்த நேரமும் திரை விலகலாம்.

கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் வண்டி ஓட்டுகிறவர் எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதை ஏன் காணோம் என்று இன்றுதான் குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறப் பெயிண்டைத் தொட்டு அதன் மேல் ஒரு பொட்டு வைத்திருக்கிறார் மனிதர்! கேட்டால், “சும்மா சும்மா எரிஞ்சு கண்ணை உறுத்துது” என்கிறார். இவருக்கு உலகத்தில் எந்தக் குறையும் ஒரு கோட்டிங்கில் தீர்ந்துவிடும்.

மார்ச் 8, ஞாயிறு

வேனில் போகும்போது மகள் போன் செய்தாள்.

“அம்மா, என்னம்மா சத்தம்? ஹெலிகாப்டர்ல போறீங்களா?”

“இல்லடி. உங்கப்பா வண்டிக்கு ஏசி போட்டிருக்கார்.”

அவளுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை வரும் வரைக்கும் குழந்தையோடு எங்களிடம்தான் இருக்கப் போகிறாள். பேத்திக்கு ஒன்றரை வயது. ஏப்ரல் 12 வருகிறார்கள். பஸ் நிலையத்திலிருந்து மேம்பாலம் ஏறித்தான் வீட்டுக்கு வர வேண்டும். மேம்பாலம் என்றால் மேடு. மேடு என்றால் கதவு.

மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “அந்தக் கதவைச் சரிபண்ணாம என் பொண்ணை அதுல ஏத்த மாட்டேன். நீங்களும் ஏறாதீங்கம்மா.”

மெக்கானிக்கிடம் ஏற்கெனவே காட்டினோம். அந்தப் பூட்டு வெளியில் கிடைக்காது, கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்றார். கம்பெனி என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் முகம் ஏன் அப்படிச் சுருங்குகிறது?

“கம்பெனிப் பக்கமே போகக் கூடாது. சொல்லிட்டேன்.”

ஏனாம்? கம்பெனியில் பெண் கொடுத்துச் சண்டையா?

மார்ச் 9, திங்கள்

இவருக்குத் தெரியாமல் கம்பெனிக்குப் போன் போட்டேன். கடையில் துணி வெட்டும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. அந்தக் கதவு ஒழுங்காகச் சாத்துகிறது.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது” என்று இருபது நிமிடம் ஒரு இயந்திரம் சொன்னது. அவ்வளவு முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

“வணக்கம். வாகனத்தின் உரிமையாளர் நீங்களா?”

“உரிமையாளர் அவரு. அவரோட உரிமையாளர் நானு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டாள் பாவம். கதவு எப்போது, எந்த இடத்தில் திறக்கிறது என்று கேட்டாள். இந்த நோட்டைப் பார்த்துத் தேதி தேதியாக ஒப்பித்தேன். குஞ்சத்தையும் சொன்னேன். புகாரைப் பதிவு செய்துவிட்டேன் அம்மா, வீட்டுக்குக் கடிதம் வரும் என்றாள்.

பள்ளிக்கூடத்தில்கூட என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் கேள்வி கேட்டதில்லை. வேலை முடிகிற வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் தைத்தேன்.

மார்ச் 26, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. நல்லவேளை, இவர் வேலைக்குப் போன பிறகு வந்தது.

எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன்: ‘மேற்கண்ட வாகனம் பாதுகாப்புக் காரணங்களுக்காக நிறுவனத்தால் திரும்பப் பெறப்படுகிறது. உரிமையாளர் தாமதமின்றி அருகிலுள்ள சேவை மையத்தில் வாகனத்தை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.’

திரும்பப் பெறப்படுகிறது.

எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்! கதவு சரியில்லை என்று சொன்னால் கதவைச் சரிபண்ணுவார்களா, வண்டியையே பிடுங்குவார்களா? ஏணியை எதில் கட்டிக்கொண்டு போவார் இவர்? தலையிலா? ஐயோ, நானே போன் பண்ணி என் வாயால் போட்டுக் கொடுத்துவிட்டேனே. உனக்கு எதுக்குடி இந்த வேலை? அவள் ‘அம்மா’ன்னு கூப்பிட்டதும் உச்சி குளிர்ந்துபோய் தேதி வேற ஒப்பிச்சியே! குஞ்சத்தையெல்லாம் எவடி சொல்லச் சொன்னா?

கடிதத்தைப் பித்தான் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் அவளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், விசில் அடித்துக்கொண்டு.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை, வேன் கண்ணாடியில் குழந்தைக்குப் பிடிக்கும் என்று ஒரு வாத்துப் பொம்மையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை அவரே முந்திக்கொண்டார்.

“என்ன, மூணு நாளா சக்களத்தியைத் திட்டவே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“திட்டித் திட்டி அலுத்துப்போச்சு.”

“உனக்கா? அலுப்பா?”

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்றதும் அவருக்கு இன்னும் கவலையாகிவிட்டது.

ஏப்ரல் 4, சனி

எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுதுகிறேன்.

குழந்தையை உட்காரவைத்துப் பெல்ட் போடுகிற இருக்கை ஒன்று வாங்கினோம். அட்டைப் பெட்டியோடு கதவோரம் வைத்தோம். மந்திரி முன்னால் உட்கார்ந்திருந்தான். குஞ்சம் இருக்கிறதே என்ற தைரியம்.

மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்போம். ‘பட்’டென்று ஒரு சத்தம். கயிறு அறுந்தது. கதவு முழுசாகப் பின்னால் போனது. பெட்டி எங்கள் கண் முன்னாலேயே எழுந்து, இறங்கிப் போவது போல, வெளியே விழுந்தது. உருண்டு உருண்டு பாலத்தின் கீழே வரைக்கும் போனது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்தார். பெட்டிக்கு ஒரு விரல் தூரத்தில் சக்கரம் நின்றது.

லாரிக்காரர் இறங்கி ஓடிவந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மேலே குழந்தைப் படம் போட்டிருந்தது.

“யோவ், உள்ள ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

கொழுந்தன் வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லாமலே உட்கார்ந்திருந்தான். இவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அதன் மேல் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். மண் எப்போதோ போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, சுவரோரம் அடுக்கிய பழைய டின்களில் ஒன்றைத் திறந்தார். பெயிண்ட் இல்லை. மூன்று கவர்கள். கம்பெனி முத்திரை போட்டவை.

“வண்டியைத் திரும்ப எடுத்துக்கப் போறாங்களாம். எழுதிக்கிட்டே இருக்காங்க. மறைச்சுட்டேன்.”

நான் போய்ப் பித்தான் டப்பாவைக் கொண்டுவந்தேன். “இது நாலாவது. நான்தான் போன் பண்ணிப் போட்டுக் கொடுத்தேன்.”

அவருடைய முதல் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடம் பழசு. என் போனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்பது நாளாக நான் பட்ட பாடு தெண்டம். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது.

ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா இது ஆபத்துன்னு தெரிஞ்சுக்கிட்டே எங்களை ஏத்திக்கிட்டு சுத்தினியா? உன் தம்பியைத் தாழ்ப்பாள் மாதிரி உட்கார வச்சியே, அவன் விழுந்திருந்தா? நான் விழுந்திருந்தா? விளக்குக்குப் பொட்டு வச்சியே, எனக்கும் சேர்த்துத்தானே வச்சே? முகத்துக்கு நேராகவே கேட்டேன். நீ, வா, போ என்றுதான் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“வண்டி போனா பிழைப்பு போயிடும்னு பயந்தேன். அது தப்புதான். கொடுத்துடலாம். குழந்தை உட்காரப் போற இடம் அது.”

கொழுந்தன் மெதுவாகக் கேட்டான், “அண்ணே, அப்ப ஏணி?”

“தோள்ல தூக்கிக்கலாம்டா.”

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே எழுந்து இவர் வேனைக் கழுவினார். டின்களை இறக்கினார். ஏணியை அவிழ்த்தார். முன்பக்கத்துக் கீறலில் ஒரு கோட்டிங் அடித்தார். கொடுக்கப் போகிற வண்டிக்கு எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. வாத்துப் பொம்மையை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பின் கண்ணாடியைத் துடைத்தேன். சக்களத்திக்கு நான் செய்த முதல் சேவை. கண் ஏனோ கலங்கியது. சோப்புத் தண்ணீர் பட்டிருக்கும்.

சேவை மையத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன வயசுப் பெண் இருந்தாள். இவர் நாலு கடிதத்தையும் வரிசையாக வைத்தார். மேலே சாவியை வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

“குளிர் நாள்ல ஸ்டார்ட் ஆக நேரமாகும்மா. அதட்டக் கூடாது. ரெண்டு தடவை விட்டு, மூணாவது தடவை திருப்பினா வந்துடும். ரேடியோல ஒரே ஒரு ஸ்டேஷன்தான் வரும். அது அவளுக்குப் பிடிச்சது. வைப்பர் போட்டா ஹாரன் அடிக்கும், பயப்படாதீங்க.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“சரிங்க ஐயா. மூணு மணிக்கு வந்து எடுத்துக்கோங்க.”

“எதை?”

“வண்டியைத்தான்.”

“எங்க வண்டியையா?”

“பூட்டு மாத்த ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். இலவசம்தான். பின்பக்கம் போட்டிருக்கே, படிக்கலையா?”

கடிதத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் முழுக்க எழுத்து! பழுதான பூட்டை இலவசமாக மாற்றி, வாகனத்தை அன்றே ஒப்படைப்பார்களாம். நாலு கடிதத்திலும் இருந்தது. இரண்டு வருடமாக இருந்தது. இரண்டு பேரில் ஒருவர்கூடத் திருப்பவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பின்பக்கம் ஆறாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது.

இவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. சனிக்கிழமை அழ வேண்டியதையும் சேர்த்துச் சிரித்தேன். அந்தப் பெண் டீ கொண்டுவந்து கொடுத்தாள், இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

மூணு மணிக்கு வண்டி வந்தது. வேலை பார்த்தவர் சொன்னார், “சார், கதவு விளக்கு மேல ஏதோ அழுக்கு ஒட்டியிருந்துச்சு. சுரண்டி எடுத்துட்டோம்.”

“அழுக்கு இல்ல தம்பி, அது அவர் கைவேலை,” என்றேன்.

இவர் கதவைச் சாத்தினார். ‘டக்.’ திறந்தார். சாத்தினார். ‘டக்.’ அங்கேயே பத்துத் தடவை.

ஆனால் ஒன்று. அந்த இரண்டு வருடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இவருக்கும் தெரியும். வரும் வழியில் மேம்பாலம் ஏறும்போது, வண்டியை மெதுவாக விட்டு, ஒரு கையை நீட்டி என் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்துவிட்டார்கள். மகள் கதவைத் தானே நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை ஏற்றினாள். மேம்பாலம் ஏறும்போது வேனில் யாரும் மூச்சு விடவில்லை. எதுவும் ஆகவில்லை. பேத்தி, கண்ணாடியில் மறுபடி தொங்கிய வாத்தைப் பார்த்து “வாவா” என்றாள், தூங்கிப்போனாள்.

பக்கத்தில் மந்திரி. பதவி போய்விட்டது, தெரியும். ஆனாலும் வீடு வரும் வரைக்கும் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. பிஸ்கட்டும் தின்னவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம். இந்தத் தடவை வைப்பருக்கு.

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவர் கவரைக் கிழித்தார். கடிதத்தை விரித்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கத்தைத் திருப்பி, எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி படித்தார்.