மேடைக்கு ஓர் ஆம்லெட்

நான் பேசி முடிப்பதற்குள் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளும் என் அருமை ஜெரால்டு மச்சானே,

இந்த முறை நான்தான் முழுக்கப் பேசப்போகிறேன். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. நடுவில் பிடுங்க ஆள் இல்லை என்ற தைரியம் எனக்கு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிட்டது.

முதலில் ஊர்ச் செய்தி. குத்தம்பாக்கத்தில் பிரம்மாண்டமாய்ப் பேருந்து நிலையம் கட்டியிருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர எந்தப் பேருந்தில் ஏறுவது என்பதுதான் இப்போது பேச்சு. எங்கள் வெள்ளானூரில் மனைப்பிரிவுகளுக்கெல்லாம் தோட்டம் என்று ஆங்கிலத்தில் பெயர் வைக்கிறார்கள். பெயர் வைத்த பிறகு மரத்தை வெட்டுகிறார்கள். வரிசை தவறுவதே இல்லை.

நம் பார் போய்விட்டது. அம்பத்தூரில், திருவள்ளூர் நெடுஞ்சாலை ஓரத்து மாடியில் நாம் வருஷக்கணக்காகக் கச்சேரி செய்த அந்த ஏ.சி. பார். பகலில் நீ லேத் பட்டறை, நான் ஒரு கம்பெனியின் ஸ்டோர். பொழுது சாய்ந்தால் நீ பாடகன், நான் அறிவிப்பாளன். உன் குரலுக்கு நான் போட்ட அடைமொழிகளைக் கேட்டுவிட்டு, புதிதாய் வந்தவர்கள் நீ சினிமாவில் பாடியவன் என்று நம்பினார்கள். நானும் மறுத்ததில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து மதுக்கடை தள்ளி இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது முதலாளி என்ன செய்தார், நினைவிருக்கிறதா? முன்வாசலை அடைத்துவிட்டுப் பின் தெருவில் வாசல் வைத்தார். பார் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. குடிக்க வருகிறவன் மட்டும் சுற்றிக்கொண்டு நடந்தான். நம் ஊர் ஆண்களை நடக்க வைத்த ஒரே சுகாதாரத் திட்டம் அதுதான். அப்புறம் நம் மேடையில் பெரிய டிவி வைத்தார்கள். கிரிக்கெட்காரர்களுக்குச் சம்பளம் நம்மைவிடக் குறைவாகத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பப்பட்டது நாம்தான். நீ போன பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அதே மனையில் இப்போது கண்ணாடிக் கட்டடம். அதன் மொட்டை மாடியில் ஒரு பப். பெயர் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், உயிரெழுத்துகளை எல்லாம் எடுத்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். வாடகை அதிகம் என்பதால் எழுத்தைக் குறைத்தார்களோ என்னவோ.

போன வாரம் ரெஜினா போன் செய்தாள். அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவதால்தான் நீ எனக்கு மச்சான். நமக்குள் வேறு ரத்தச் சம்பந்தம் ஏதும் இல்லை. அந்த அண்ணே இந்த முறை கொஞ்சம் காரமாக இருந்தது.

“அண்ணே, உங்க மருமக இன்னா பண்ணிகினு கீறா தெரியுமா? பாட்டு கிளாசுக்குப் போறேன்னு சொல்லிகினு ஞாயித்துக்கிழமையாச்சின்னா பார்ல பாடிகினு கீறாண்ணே!”

“பாரிலயா? ஜெனியா?”

“கேட்டா பார் இல்லம்மா, பப்புன்றா. இன்னா பப்பு? பேர மாத்திட்டா உள்ள ஊத்துறது மோரா?”

சிரித்திருப்பாய். நானும் சிரிக்கப் போனேன். அதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

“உங்களுக்குத் தெரியாததா? பன்னீர் சோடாவத் தவிர அந்த மனுசன் ஒண்ணத் தொட்டதில்ல. நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, போய்ட்டாரு. சவப்பெட்டியண்ட நின்னுகினே சொன்னாளுங்களே, ‘பார்ல இருந்தவரு, குடிச்சே போய்ட்டாரு’ன்னு. நான் செவுடா? அந்தப் பேச்ச எம்பொண்ணும் கேக்கணுமா? நீங்க போயி நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா.”

நான் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? ஆனாலும் சரி என்றேன். அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்ததுதான். நாம் இருவரும் எத்தனையோ மேடையில் நின்றவர்கள். அன்றைக்கு ஒரு வார்த்தை எழும்பவில்லை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்வதற்கு முன்பே அதே கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன்; ஜெனி பாடும் பப் அங்கேதான். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ. லிப்ட் வாசலில் கறுப்புச் சட்டைக்காரர் கை நீட்டித் தடுத்தார்.

“அங்கிள், தனியா வர்ற ஜென்ட்ஸுக்கு என்ட்ரி இல்ல. கூட லேடீஸ் இருக்கணும்.”

மச்சான், இதை நீ கேட்டிருக்க வேண்டும். நம் பாரில் ஒரு பெண் படியேறி வந்தால் புருசனைத் தேடி வந்திருக்கிறாள் என்று மொத்தக் கூட்டமும் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இப்போது பெண் துணை இல்லாத ஆணை உள்ளேயே விடுவதில்லை. இத்தனை பெரிய சமூகப் புரட்சி அம்பத்தூரில் நடந்திருக்கிறது, ஒரு போஸ்டர்கூட ஒட்டவில்லை.

பின்னாலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். தொழிற்பேட்டைப் பக்கத்து மென்பொருள் கம்பெனிக்காரர்கள் போலிருந்தது, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை பாவம். அதில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ப்ரோ, அங்கிள் எங்க கூடத்தான் வந்தாரு” என்றாள். அறுபதைத் தாண்டிய நான் மூன்று பிள்ளைகளின் பொறுப்பில் மதுக்கூடத்துக்குள் அனுமதிக்கப்பட்டேன்.

உள்ளே நம் இருட்டு இல்லை. காற்றோட்டம், பூந்தொட்டி, மஞ்சள் பல்பு, தூரத்தில் மின்சார ரயில் போவது தெரிகிறது. குடும்பமாய் வந்து குடிக்கிறார்கள். ஊறுகாயும் மாங்காயும் இல்லை, வேர்க்கடலை மட்டும் வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மூலையில் சின்ன மேடை. ஒரு கிடார், ஒரு பெட்டி மேளம், நடுவில் உயரமான ஸ்டூலில் உன் மகள்.

இந்தக் காலத்துப் பாட்டு எப்படி என்றால், நாம் ஓட விட்ட பாட்டையெல்லாம் இவர்கள் நடக்க விடுகிறார்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல மெல்லப் பாடுகிறார்கள். இரண்டு ஆங்கிலப் பாட்டு அப்படியே போயிற்று. அவள் பாடுவதை என்ன சொல்லி நிறுத்துவது என்று நான் வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவதாக, நீ எப்போதும் இடைவேளைக்குப் பிறகு எடுக்கும் அந்த மழைப் பாட்டை எடுத்தாள். சரணத்தில் நீ மூச்சுவிடாமல் இழுப்பாயே, அந்த இடத்தில் அவள் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் தொட்டாள். உன்னைவிட நன்றாக இருந்தது. கோபிக்காதே.

என் கை தானாக மேலே போயிற்று. பரிமாறுகிறவர் வந்தார்.

“ஓர் ஆம்லெட். வெங்காயம், மிளகு தூக்கலா. மேடைக்கு.”

“மேடைக்கா சார்?”

“பாடுறவங்களுக்கு.”

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை, மச்சான், பொறுத்துக்கொள். நம் பாரில் யாரும் கை தட்டியதில்லை. ஒரு கையில் கிளாஸ் இருக்கும்போது தட்டுவது எப்படி? சால்வை போர்த்தினால் வியர்க்கும். ஆகவே பாட்டு மனதைத் தொட்டால் மேடைக்கு ஓர் ஆம்லெட் அனுப்புவார்கள். பிரிந்துபோன காதலிக்கு ஒன்று, கட்டிக்கொண்ட மனைவிக்கு ஒன்று என்று ஒரே பாட்டுக்கு இரண்டு அனுப்பியவர்களும் உண்டு. நீ எல்லாவற்றையும் வாழை இலையில் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவாய். சனிக்கிழமைக் கச்சேரி எப்படி நடந்தது என்பதை ரெஜினாவும் ஜெனியும் ஞாயிறு காலைப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இது எதுவும் அந்தப் பரிமாறுகிறவருக்குத் தெரியாது. அவர் போய் மேனேஜரை அழைத்துவந்தார். தாடி வைத்த, மரியாதையான இளைஞர்.

“சார், ஆர்ட்டிஸ்டுக்கு கெஸ்ட் எதுவும் அனுப்பக் கூடாது. லேடீஸ் சேஃப்டிக்காக ரூல்.”

நல்ல விதி. முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விதி பிடித்த முதல் குற்றவாளி நானாக இருக்க வேண்டுமா?

“தம்பி, அது என் மருமகப் பொண்ணு.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க.”

கறுப்புச் சட்டைக்காரரும் வந்து நின்றுவிட்டார். என் மூன்று பாதுகாவலர்களில் ஒருத்தி எழுந்தாள். “ப்ரோ, அங்கிள் ரொம்ப நல்லவரு. எங்களுக்கு நல்லாத் தெரியும், அரை மணி நேரமா.” இந்த நற்சான்றிதழால் என் நிலைமை இன்னும் மோசமானது.

பாட்டு நின்றது. மைக்கில் ஜெனியின் குரல். “ப்ரோ, அவுரு எங்க மாமா. வுட்டுருங்க. இன்னா கேட்டாரு?”

“ஆம்லெட் மேடம். உங்களுக்கு அனுப்பணுமாம்.”

கிடார்க்காரப் பையன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, “எடுத்துகினு வாங்க ப்ரோ” என்றாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “இதே எடத்துல முன்னாடி ஒரு பார் இருந்துச்சு. எங்கப்பா ஜெரால்டு அங்கதான் பாடுவாரு. நல்லா பாடுனா ஆம்லெட் வரும். நான் வளந்ததே அதுலதான்.” சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. தட்டு வந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, மழைப் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். பக்கத்து மேசைக்காரர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்.

உன் பெயரை அந்த உயரத்தில் மைக் போட்டுச் சொல்லி எத்தனை காலமாயிற்று? அந்த வேலை என்னுடையதாகத்தான் இருந்தது.

இடைவேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா அனுப்பிச்சாங்களா மாமா?”

“ஆமாம்மா.”

“நிறுத்தச் சொல்லவா?”

“ஆமாம்மா.”

“சொல்லுங்க.”

தயார் செய்த வாக்கியத்தைத் தேடினேன். எங்கேயோ போய்விட்டது. “சொல்லிட்டேன்னு வச்சிக்கோ” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “கிளாசுன்னு பொய் சொன்னது தப்பு மாமா. இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிடுவேன். ஆனா நிறுத்த மாட்டேன். அப்பா பாடுன எடத்துல நின்னு அவரக் கேக்கணும்னு இருந்துச்சு. சின்னப் பொண்ணு, வரக்கூடாதுன்னாரு. பெரியவ ஆனதும் வரலாம்னு பாத்தா மேடைல டிவி வச்சிட்டாங்க, அப்புறம் அப்பாவும் இல்ல, எடமும் இல்ல. இங்க பாடும்போது, அவரு நின்ன காத்துலதான் நிக்கிறேன்னு தோணுது.”

காற்று அதே இல்லை. அப்போது அதில் பாதி சிகரெட். அதை நான் சொல்லவில்லை. எதைச் சொல்லக்கூடாது என்று அறிவிப்பாளனுக்கு எப்போதாவது தெரிய வேண்டும்.

மறுநாள் காலை நெமிலிச்சேரிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். ரெஜினா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெனி முன்தினமே எல்லாம் சொல்லியிருந்தாள். என்னைக் கோபமாய் வரவேற்பாள் என்று நினைத்தேன். காப்பி கொடுத்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

“நல்லா பாடுறாளா?”

“நல்லா பாடுறாம்மா.”

கத்தி நின்றது. “அவுரு?”

“யாரு?”

“அவுரு அங்க எப்பிடிண்ணே பாடுவாரு? கோயில்ல கேட்டுகீறேன். ஊட்ல கேட்டுகீறேன். அங்க பாடி ஒரு நாள் கேட்டதில்ல. பொம்பளைங்க வர்ற எடம் இல்லன்னுட்டாரு. அவரப் பத்தி ஊரே பேசுது, எனக்குத்தான் அது இன்னா ஏதுன்னே தெரியல.”

உனக்கு எத்தனை அடைமொழி போட்டிருப்பேன்! தேன் என்றேன், குயில் என்றேன், அம்பத்தூரின் அதிசயம் என்றேன். இவள் கேட்டபோது ஒன்றுகூட உதவவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

“கண்ண மூடிக்கினு பாடுவான். பாட்டு முடிஞ்சதும் கண்ணத் தொறந்து கடிகாரத்தப் பாப்பான். நெமிலிச்சேரி வண்டிய வுட்டுடப்போறோமேன்னு. ஒவ்வொரு பாட்டுக்கும் பாப்பான்.”

ரெஜினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப பாட்டுல கவனமே இல்லன்னு சொல்லுங்க” என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். புடவைத் தலைப்பு முகத்தில் இருந்தது, தெரியவில்லை.

அவரைக்காயை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். “ஞாயித்துக்கிழம நானும் வரேன். ஆட்டோ வேணாம். நம்ம கோயில் பங்குக்காரங்க ஊட்டு வழியாவே ஸ்டேஷனுக்கு நடந்து போலாம். எவ பாக்குறாளோ பாக்கட்டும். எவ கேக்குறாளோ கேக்கட்டும்.”

ஆகவே உனக்கு என் வாக்கு இது. வருகிற ஞாயிறு, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, அந்தத் தெருவின் நடுவில் அவளோடு நடந்து வருவேன். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால், உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் விழுங்கியதை அன்று சொல்லிவிடுவேன். ஜெரால்டு குடிக்காத மனுசன், பாடுகிற மனுசன், அவன் மகள் பாடுவதைக் கேட்க அவன் மனைவி போகிறாள் என்று. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன் மனைவிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
ஆகையால் என்றைக்கும் உனக்கு மச்சான்,
தேவராஜ்