காணும் பொங்கலுக்கு மட்டும் ஒரு பேர்

கீழ்வீட்டில் விடியும்போதே புளிசோறு கிளறிவிட்டார்கள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் கலந்த வாசனை மாடிப்படி ஏறி என் அறைக்குள் வந்துவிட்டது. இன்று காணும் பொங்கல். திருநின்றவூரில் பாதிப் பேர் ரயிலேறிக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். கீழ்வீட்டுப் பெண் தெருவில் நின்றபடி, "டேய் சதீஷ், தண்ணி பாட்டில் எட்த்துக்கினியா? பாய் எங்கடா?" என்று புருஷனை அதட்டினாள். "எல்லாம் எட்த்துக்கினேன், நீ நட மகாராணி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்களும் வாங்களேன் டீச்சர்" என்று என்னையும் அழைத்தாள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனதும் தெருவே அடங்கிப்போனது. உங்களோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணமாகி வந்த முதல் பொங்கல் உங்களுக்கு நினைவிருக்கும். பொன்னேரி வீட்டில் நாம் ஒரு கூட்டமே இருந்தோம். நீங்கள் இருட்டோடு அத்திப்பட்டு உப்பளத்துக்குப் போய்விடுவீர்கள், நான் பள்ளிக்கூடத்துக்கு. சாயங்காலம் கூடத்தில் உங்கள் அம்மா, தம்பிகள், நாத்தனார்கள். "சாப்பிட வாங்க", "வெந்நீர் வெச்சிருக்கேன்" என்பதற்கு மேல் நான் உங்களிடம் பேசியதில்லை. அதனால்தான் விடுமுறைக்குப் பட்டணம் போகலாம் என்று நீங்கள் சொன்னபோது, எனக்குப் பட்டணத்தைவிடப் போய்வரும் வழிதான் பெரிதாகத் தெரிந்தது.

மாட்டுப் பொங்கலன்று கிளம்பினோம். பட்டணத்தில் டிராம் ஓடிய காலம். நீங்கள் விரல்விட்டுத் திட்டம் சொன்னீர்கள்: "இன்னிக்கு உயிர் காலேஜ், செத்த காலேஜ். ராவு சித்தப்பா ஊட்ல தங்கிக்கலாம். நாளைக்கு மூர் மார்க்கெட், அப்பால பீச்." மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் நம் ஜனங்கள் வைத்த பேர் அவை. புலிக்கூண்டின் முன்னால் நின்று, "பாரு, இதுக்குக்கூட தனி ரூம் குட்த்துக்கிறான்" என்றீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் கடற்கரையில் மணலே தெரியவில்லை. குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துச் சோற்று மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுண்டல் வாங்கி வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. தேடலாம் என்று எழுந்து நாலடி நடந்தேன். திரும்பிப் பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த இடமும் தெரியவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரயில் டிக்கெட் உங்கள் சட்டைப்பையில். "என்னங்க" என்று கூப்பிட்டேன். ஏழெட்டு ஆண்கள் திரும்பினார்கள். அதில் நீங்கள் இல்லை.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். என் வகுப்பில் உங்கள் பேர் வைத்த பையன் ஒருவன் இருந்தான். அவனை 'ஜன்னலோரத் தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். அவன் இடம் மாறி உட்கார்ந்த பிறகும் ஜன்னலோரத் தம்பிதான்.

காணாமற்போன குழந்தைகளுக்காக மைக் வைத்திருந்த போலீஸ் கொட்டகைக்குப் போனேன்.

"கொழந்த வயசு இன்னாம்மா?"

"இருபத்தெட்டு."

போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தொலையறதுக்குன்னே வர்றாங்கப்பா! சரி, பேரு?"

நான் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேர் சொல்லாங்காட்டி நான் இன்னான்னு கூவறது? 'பொண்டாட்டிய வுட்டுட்டு போனவரே, வாங்க'ன்னா பாதி பீச்சு இங்க வந்து நிக்கும்மா."

அழுதுகொண்டிருந்த குழந்தைகள் அழுகையை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தன. பேரைச் சொன்னால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் இந்தக் கூட்டத்தில் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று அதைவிடப் பயம். "நீயே கூப்டுக்க தாயே, பேஜாரு பண்ணாத" என்று அவர் மைக்கை என் பக்கம் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன். ஊர், தகப்பனார் பேர் எதுவும் சேர்க்கவில்லை. உங்கள் பேரை மட்டும். கடற்கரை நெடுக அது என் குரலில் கேட்டது.

சுண்டல் பொட்டலத்தோடு ஓடிவந்தீர்கள். "கொழந்த கெட்ச்சிடுச்சி. கைய புட்ச்சிக்கினு போம்மா" என்றார் போலீஸ்காரர்.

ரயிலில் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தீர்கள். கோபம் என்று நினைத்தேன். அத்திப்பட்டு தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னீர்கள்: "எங்கம்மா கூப்டா என் பேரு திட்ற மாதிரி இருக்கும். அது நல்ல பேருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வருசத்துக்கு ஒரு வாட்டி இங்க வர்லாம். வந்து கூப்டு."

"ஆயுசு குறைஞ்சிடுமே."

"அலை சத்தத்துல எமனுக்குக் கேக்காது."

அப்படியே போய்வந்தோம். ஒவ்வொரு வருஷமும் அங்கே போகலாம், இங்கே போகலாம் என்று புதிதாகத் திட்டம் போடுவீர்கள். எல்லாம் பார்த்தோம். எனக்கு அலையோரத்தில் நின்று உங்களை ஒருமுறை கூப்பிடுவதுதான் பண்டிகை. குழந்தைகள் பிறந்த பிறகு, அவர்கள் கிளிஞ்சல் பொறுக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். வீட்டில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக, "பேர் சொல்லிக் கூப்ட்டுப் பாருங்கம்மா" என்றாள் நர்ஸ் பெண். கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. அலை எந்தப் பக்கம் என்று தேடுபவரைப்போல முகத்தை மட்டும் திருப்பினீர்கள்.

இப்போது உங்கள் பேரை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கியில் கேட்கிறார்கள், ரேஷன் கடையில் கேட்கிறார்கள். கூச்சமில்லாமல் சொல்கிறேன். ஆனால் சொல்வது வேறு, கூப்பிடுவது வேறு. ஓர் உதாரணம் சொல்லட்டுமா? டீச்சர் புத்தி இன்னும் போகவில்லை. காலையில் வகுப்பில் பேர் கூப்பிடுகிறோம். ஒரு பிள்ளையிடமிருந்து பதில் வராது. இன்னொரு முறை கூப்பிடுவோம். ஓடி வருகிறானோ என்று வாசலைப் பார்ப்போம். அப்புறம் அடுத்த பேருக்குப் போய்விடுவோம்; பாடம் நடந்தாக வேண்டுமே. வேலை பார்த்த காலமெல்லாம் நான் அப்படித்தான் செய்தேன்.

இந்த ஒரு பேருக்கு அடுத்த பேர் இல்லை. கூப்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.