பொம்மை பஸ் பெட்டிக்குள்ள மத்தியானச் சோறு

ஏனுங்க,

கிணத்துக்கடவுல தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வாரேனுங்க. சோறும் பருப்பும் ஹால்ல, உங்க பொம்மை பஸ்ஸுக்குச் செஞ்ச கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குது. நம்ம ஊட்டுல தூசி படாத எடம் அது ஒண்ணுதானுங்களே! சுத்தியும் ரப்பர் வெச்சு, எறும்புகூட நுழையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. சமையக்கட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போடச் சொன்னா மட்டும் உங்களுக்கு ஆளே கெடைக்கறதில்லை.

ரசம் அடுப்பு மேல இருக்குது. தூசியை ஒதுக்கிப்போட்டு ஊத்திக்கோங்க.

அன்புச்செல்வி

பி.கு: பஸ்ஸெல்லாம் எங்கேன்னு பதறாதீங்க. அந்தச் சமையக்கட்டு ஜன்னல்லதான் வரிசையா நிறுத்தியிருக்கேன். நாம கல்யாணமான புதுசுல பொள்ளாச்சிக்குப் போன பஸ்ஸாட்ட இருக்கற சிவப்பு பஸ்ஸை மட்டும் என் கர்ச்சீப்புல மூடிவெச்சிருக்கேன். கண்ணாடிக்காரர் நம்பர் அதுக்கு அடியில இருக்குதுங்க.