கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டேன்

வில்லியனூர், 16 ஜூலை 1936

அன்புள்ள அப்பாவுக்கு,

தையலம்மாளின் வணக்கம். நான் சுகம். அம்மாவின் இருமல் நின்றதா?

பதினான்காம் தேதி பிரான்சு தேச விழாவில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் முதல்முறையாக ஓட்டப்பந்தயம் ஓடினோம். நான்தான் முன்னே ஓடினேன். முடிவில் கட்டியிருந்த கயிற்றின் இருபக்கமும் நகரசபைத் தலைவரான மேரும் ஊர்ப் பெரியவர்களும் நின்றார்கள். அவர்கள் நடுவே புகுந்து போவது மரியாதை இல்லையே என்று நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்களும் என் பின்னே வரிசையாக நின்றுவிட்டார்கள்!

"இன்னாடி நின்னுட்ட? நெட்டப்பாக்கம், ஓடுடி!" என்று நம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பெரிய டீச்சர் கத்தினார். கால் எழவில்லை. கூட்டம் சிரித்தது.

டீச்சர் கோபிக்கவில்லை. "ஒதுங்கி நில்லுன்னு சொல்லியே வளத்துட்டோம். தப்பு எங்களோடதுடி," என்றார். மேரிடம் வாதாடி, 26-ஆம் தேதி ஞாயிறு மறுபடி ஓட அனுமதி வாங்கியிருக்கிறார். அன்றும் நின்றுவிட்டால் இனி பெண்களுக்குப் பந்தயமே கிடையாதாம்.

என் சீப்பு உடைந்துவிட்டது. பின்னலை நானே போட்டால் கோணலாகவே வருகிறது. புதுச் சீப்பை நீங்களே கொண்டுவாருங்கள். ஞாயிறன்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள், அப்பா. நீங்கள் அங்கே இருந்தால் நான் நிற்க மாட்டேன்.

விடுதியில் சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
தையலம்மாள்